எல்க் டேக் யாருக்கு? உள்ளூர், வெளியூர் தகராறில் நாங்கள் நேரில் கண்டவை

டென்வரிலிருந்து:

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் எல்க் என்னும் பெரிய மான், மியூல் மான் வேட்டைக்குப் போகும் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வேட்டை அனுமதிக் குலுக்கலான டிராவின் முடிவு வரும் மாதங்களில் எங்களுக்குள் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டால் அப்படித் தெரியாது. ரெசிடென்ட்டுக்கு (அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கு) எத்தனை டேக், வெளிமாநிலத்தாருக்கு எத்தனை என்பதுதான் சண்டை. கேள்விப்பட்டதை விட்டுவிட்டு, அவரவர் நேரில் பார்த்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

வேட்டையாடாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டேக் என்பது ஒரு விலங்கை எடுப்பதற்கான அனுமதிச் சீட்டு. மாநிலத்தை யூனிட்டுகளாகப் பிரித்து, அந்த ஆண்டு மந்தை எவ்வளவு தாங்கும் என்று பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்வார்கள். கேட்பவர்கள் அதிகமானால் குலுக்கல். விலங்கைப் பராமரிப்பதும் பங்கிடுவதும் மாநிலத்தின் அதிகாரம். அது மேயும் காடும் புல்வெளியும் பல இடங்களில் மத்திய அரசின் நிலம். மொத்தத் தகராறும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

வயோமிங்கில் ஸ்னோயி ரேஞ்ச் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டிக்காரர், அறுபதைத் தாண்டியவர், என் கொலராடோ நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். கோபமாகப் பேசவில்லை. "நாட்டிலேயே அதிக எல்க் இருப்பது உங்கள் மாநிலத்தில்தான். பிறகு ஏன் இங்கே வருகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் சொந்த ஊர் மேற்கு வயோமிங்கின் பைன்டேல் பக்கம். 2022-23 குளிர்காலம் மேற்கு வயோமிங்கை எப்படி அடித்தது என்று சொன்னார். வயோமிங் ரேஞ்ச் மந்தையில் ஆய்வாளர்கள் கண்காணிப்புக் காலர் போட்டுவிட்டிருந்த மியூல் மான் குட்டிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மறிமான் போன்ற ப்ராங்ஹார்ன்களைப் பனியோடு நோயும் சேர்ந்து கொன்றது. அடுத்த பருவத்துக்கு மாநிலம் டேக்குகளை ஆயிரக்கணக்கில் வெட்டியது. அவருடைய பேரனுக்கு முதல் ப்ராங்ஹார்ன் டேக் கிடைக்கும் என்று வீடே காத்திருந்ததாம். வரவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் மனதில் நின்றது. அந்த ஊரில் சம்பளம் குறைவு, குளிர்காலம் நீளம், நல்ல மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அங்கேயே இருப்பதற்கு இந்த மலையும் இந்த வேட்டையும்தான் காரணம் என்றார். பனிக்காலத்தில் எல்க் மந்தை இறங்கி வந்து வைக்கோலைத் தின்பதும் அவர் பக்கத்துப் பண்ணைகளில்தான். ரெசிடென்ட்டுக்குப் பெரிய பங்கு வேண்டும் என்று இப்போது நான் சொல்வதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

கொலராடோவில் பங்கை மாற்றும் பேச்சு வந்தபோது ஒரு பொதுக் கருத்துக் கூட்டத்துக்குப் போனேன். நீண்ட காலமாகப் பல யூனிட்டுகளில் மான், எல்க் டேக்குகள் ரெசிடென்ட்டுக்கு 65, வெளிமாநிலத்தாருக்கு 35 சதவீதம் என்று பிரிந்தன, இப்போது 75-25. மலைக்கு மேற்கே சிற்றூர் ஒன்றில் மோட்டல் நடத்தும் அம்மா, அக்டோபரில் வெளிமாநில வேட்டைக்காரர்கள் வந்தால்தான் வங்கித் தவணை கட்ட முடியும் என்றார். அவருக்குப் பின் பேசிய செவிலியர் தேதி வாரியாகத் தாள் வைத்திருந்தார். டிராவில் கிடைக்காத ஒவ்வொரு ஆண்டும் அவருக்கு ஒரு முன்னுரிமைப் பாயிண்ட் ஏறுகிறது. அந்த யூனிட்டுக்குத் தேவையான பாயிண்ட்டும் கூடவே ஏறுகிறது. பாயிண்ட் க்ரீப் என்று எல்லாரும் சொல்வதை ஓர் ஆளின் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். இருவர் சொன்னதும் உண்மை. நான் 75-25க்கு ஆதரவாகப் பேசினேன்.

லாரமியிலிருந்து:

அண்ணா, பைன்டேல் பெரியவர் சொன்னதை என் அக்கம்பக்கத்தில் அடிக்கடி கேட்கிறேன். நான் இங்கே வந்து ஓராண்டு முடிந்த பிறகுதான் ரெசிடென்ட் ஆனேன்; வயோமிங் சட்டம் முழு ஓராண்டு கேட்கிறது. வெளிமாநிலத்தாருக்கு எல்க் லைசென்ஸ் 692 டாலர், எங்களுக்கு 57. அதுவும் ஜெனரல் டேக் (பல பகுதிகளுக்குப் பொதுவான டேக்) என்றால் நாங்கள் கடையில் போய் வாங்கிக்கொள்ளலாம், அவர்களுக்கு டிரா. மூஸ், பிக்ஹார்ன், மலை ஆடு, பைசன் எல்லாம் 2022இல் வந்த சட்டத்தால் 90-10 ஆகிவிட்டன. இது எதுவும் எனக்குத் தப்பாகப் படவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. வெளிமாநிலத்தாருக்கு ஒதுக்கும் எல்க் டேக்குகளில் 40 சதவீதத்தை 'ஸ்பெஷல்' என்று தனியாக எடுத்து வைக்கிறார்கள். மலை அதேதான், விலங்கும் அதேதான். 2024இலிருந்து அதன் விலை 1,950 டாலர். அதிகப் பணம் கட்டினால் போட்டி குறைந்த குலுக்கலில் சேரலாம், அவ்வளவுதான். பள்ளி ஆசிரியர் ஒருவரும் பங்குச்சந்தைக்காரர் ஒருவரும் ஒரே காட்டுக்கு இரண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்தது வில்டர்னஸ் சட்டம். வில்டர்னஸ் என்பது சாலையும் வாகனமும் இல்லாமல் இயற்கையாகவே விட்டுவைத்த பாதுகாக்கப்பட்ட காடு. வெளிமாநிலத்தவர் வயோமிங்கின் மத்திய அரசு வில்டர்னஸ் பகுதிக்குள் எல்க்கோ மானோ வேட்டையாட வேண்டுமானால் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். தனியாக நடக்கலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம். மான் வேட்டைக்கு மட்டும் தனியாகப் போகக் கூடாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். பாதுகாப்புதான் கவலை என்றால் மீன் பிடிக்கிறவருக்கும் அதே கரடி, அதே பனி. பிளாட் ரிவர் வில்டர்னஸ் எல்லை தாண்டி கொலராடோவுக்குள்ளும் கொஞ்சம் நீள்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வழிகாட்டி தேவையில்லை.

இதில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. வயோமிங் ரெசிடென்ட் யாராவது காசு வாங்காமல் கூட வருவதாக இலவச அனுமதி எடுத்தால் போதும். அப்படித்தான் மினசோட்டாத் தம்பியை ஹஸ்டன் பார்க் வில்டர்னஸுக்குக் கூட்டிப் போனேன். அந்தக் காட்டில் அவரைவிட எனக்கு அனுபவம் ஒன்றும் அதிகமில்லை. என் பாக்கெட்டில் வயோமிங் ஓட்டுநர் உரிமம் இருந்தது, அதனால் நான் வழிகாட்டி.

மினசோட்டாவிலிருந்து:

அந்தத் தம்பி நான்தான். அண்ணன் இருந்ததால் போனேன். வயோமிங்கில் யாரையும் தெரியாதவர் அவுட்ஃபிட்டருக்கு (காசு வாங்கி வேட்டைக்கு அழைத்துப் போகும் தொழில்காரருக்கு) பல ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வில்டர்னஸ் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும்.

எங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் பெரியவர்கள் இன்றும் 1978 வழக்கை இழுப்பார்கள். மொன்டானாவின் லைசென்ஸ் கட்டணத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்களில் நான்கு பேர் மினசோட்டாக்காரர்கள், ஒருவர் மொன்டானா அவுட்ஃபிட்டர். அன்று மொன்டானாக்காரர் எல்க்குக்கு மட்டும் 9 டாலர் கட்டினால் போதும் என்றிருந்தது. வெளிமாநிலத்தவர் பல விலங்குகளுக்குச் சேர்த்து 225 டாலருக்கு மொத்த லைசென்ஸ் வாங்கியாக வேண்டியிருந்தது. எல்க் வேட்டை ஒரு பொழுதுபோக்கு, அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமைகளில் அது வராது என்று நீதிமன்றம் சொல்லி, மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை ஏற்கிறேன். ஆனால் நான் வாங்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 சதவீத வரி போகிறது. அது மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் பங்காகும்போது, எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்பதும் கணக்கில் வருகிறது. அங்கே என் தலையும் எண்ணப்படுகிறது. தேசிய வனத்துக்கும் என் வரி போகிறது. கொஞ்சமாவது இடம் கொடுங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

ஐடஹோவிலும் முயன்றேன். அங்கே வெளிமாநில ஜெனரல் டேக்குகள் அப்போது டிசம்பர் 1 காலை இணையத்தில் விற்பனைக்கு வந்துகொண்டிருந்தன. திறந்ததும் கணினி எல்லாருக்கும் வரிசை எண் கொடுத்தது. அலுவலகத்தில் ஒரு திரையில் வேலைக்கான நிரல், இன்னொரு திரையில் வரிசை. என் முறை வருவதற்குள் நான் கேட்ட எல்க் ஸோன் தீர்ந்துவிட்டது. 2026 பருவத்திலிருந்து அதையும் டிராவாக்கிவிட்டார்கள். எனக்கு அது நல்லதாகவே படுகிறது. வேலை நாளில் மணிக்கணக்கில் திரை முன் உட்கார முடிந்தவருக்குத்தான் டேக் என்ற நிலை போய்விட்டது.

புதிதாக வந்த தம்பிகளுக்கு இடையில் ஒரு வார்த்தை: எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு. லைசென்ஸ் எடுக்காமல் கடைப்பக்கம் போகாதீர்கள்.

அல்புகர்க்கியிலிருந்து:

நியூ மெக்சிகோவில் பாயிண்ட்டே கிடையாது, சுத்தமான குலுக்கல். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 84 சதவீதம் ரெசிடென்ட்டுக்கு, 6 சதவீதம் வெளிமாநிலத்தாருக்கு, மீதி 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டவர்களுக்கு. சொந்தக் காலில் மலையேற நினைக்கும் வெளிமாநிலத்தாரைவிட, அவுட்ஃபிட்டருக்குப் பணம் கட்டுகிறவருக்குப் பங்கு பெரிது.

இதைத் தவிர நில உரிமையாளர் அனுமதி வேறு இருக்கிறது. எல்க் நடமாடும் நிலம் வைத்திருப்பவருக்கு மாநிலம் அனுமதிச் சீட்டு கொடுக்கும். அதை அவர் விரும்பிய விலைக்கு விற்கலாம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர். டிராவில் பல பருவங்களாக எல்க் டேக் கிடைக்கவில்லை. அதே யூனிட்டில், மத்திய அரசு நிலத்தில், விலைக்கு வாங்கிய அனுமதியோடு வந்த வெளியூர்க் குழு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. தன் பண்ணையைப் பொது வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிட்ட உரிமையாளரின் அனுமதி யூனிட் முழுக்கச் செல்லும்.

பக்கத்து அரிசோனா கதையையும் சொல்லியாக வேண்டும். ஆண் எல்க்குக்கும், கொலராடோ ஆற்றுக்கு வடக்கே கொம்புள்ள மானுக்கும் வெளிமாநிலத்தாருக்கு 10 சதவீத உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து வழக்குக்குப் போனவர்கள் எங்கள் நியூ மெக்சிகோவின் தொழில்முறை வழிகாட்டிகள். இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தொடுகிறது என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2004இல் வரம்பு முடக்கப்பட்டது. மேற்கு மாநிலங்கள் முழுக்கப் பதறின. நெவாடா செனட்டர் ஹாரி ரீட் கொண்டுவந்த வாசகம் 2005 மே மாதம் ஒரு பெரிய நிதிச் சட்டத்தோடு சேர்ந்து நிறைவேறியது. உள்ளூர், வெளியூர் என்று பிரிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கே என்று அது உறுதி செய்தது. அதனால் இனி நீதிமன்றம் வழியாகப் பங்கு கூடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

டென்வரிலிருந்து, மறுபடியும்:

எல்லாரும் எழுதியதைப் படித்த பிறகு என் நிலை இன்னும் உறுதியாகியிருக்கிறது. சதவீதத்தில் நான் ரெசிடென்ட் பக்கம்தான். எல்க்கையும் 90-10 ஆக்கினாலும் சரி, அந்த 10க்குள் என் பெயர் வந்தால் வயோமிங் போகிறேன், இல்லையென்றால் கொலராடோவில் ஒரு பெண் எல்க் டேக்கோடு இருந்துகொள்கிறேன். ஆனால் வெளிமாநிலத்தார் பங்குக்குள் காசுக்காரருக்குத் தனி வரிசை வைப்பதையும், பொதுக் காட்டுக்குள் நுழைய அவுட்ஃபிட்டரை வாடகைக்கு எடுக்கச் சொல்வதையும் ஏற்க மாட்டேன். ரெசிடென்ட்டின் பெயரைச் சொல்லித்தான் இவையெல்லாம் சட்டமாகின்றன. பைன்டேல் பேரனுக்கு இதனால் ஒரு டேக்கும் கூடவில்லை. அவுட்ஃபிட்டர் குடும்பங்களுக்கும் பிழைப்பு வேண்டும், மறுக்கவில்லை. அவர்களின் திறமையை விரும்பித் தேடி வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

லாரமித் தம்பி, வில்டர்னஸ் சட்டத்தைப் பற்றி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும். நாங்கள் எழுதினால் அங்கே எங்களுக்கு ஓட்டு இல்லை. ஹஸ்டன் பார்க்கில் நீங்கள் எதற்காக வழிகாட்டியாகப் போக வேண்டியிருந்தது என்பதை இங்கே சொன்னது போலவே எழுதுங்கள். அடுத்த முறை சட்டமன்றம் கூடும் முன்பே அனுப்பிவிடுங்கள்.