புதுப்பிப்பு: யாழினி என்றே வைத்துவிட்டோம்

மகளுக்கு யாழினி என்று வைக்க ஆசை, ஆனால் எங்கள் தெருவிலேயே ஏற்கெனவே இரண்டு யாழினி இருக்கிறார்கள், விட்டுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் "வேற தேடுங்க" என்றீர்கள். தேடினோம். அரிதாகக் கிடைத்த பெயர்களில் பலவற்றுக்குப் பொருளே பிடிபடவில்லை. பிறப்பைப் பதிந்த பிறகு ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம் என்பதால் அவசரப்படவும் இல்லை.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடப் போனோம். நர்ஸ் "யாழினி!" என்று கூப்பிட, பக்கத்து பெஞ்சில் ஒரு பாட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். என் மடியில் இருந்தவளும் சட்டென்று தலையைத் திருப்பினாள். வீட்டில் இத்தனை மாதமாக அப்படித்தானே கூப்பிடுகிறோம்! அவளுக்கு அது அவள் பெயர். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். "எங்க வகுப்புல நாலு முருகன்டா. இனிஷியல் சொல்லித்தான் வாத்தியார் கூப்பிடுவார்" என்றார். தாத்தா பெயரைத் தாங்குவதால்தானே பெயரன், பேரன் ஆனான். பெயர் திரும்பத் திரும்ப வருவதை நம் வீடுகளில் யாரும் குறையாக நினைத்ததில்லை.

ஒரே தெருவில் குழப்பம் வரும் என்றவர்கள் சொன்னது உண்மைதான். அதற்காக அம்மா, அப்பா இருவர் இனிஷியலையும் சேர்த்துக்கொண்டோம். திங்கட்கிழமை சான்றிதழ் கைக்கு வந்தது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.