பழைய மானிட்டரில் தமிழ்ப் பக்கங்கள்: மாற வேண்டியது தளமா, வாசகரா?

தட்டச்சுமையம்:

தமிழ்ச் செய்தித் தளங்களும் வேலைவாய்ப்பு அறிவிப்புத் தளங்களும் ஒவ்வொன்றாகப் புதுத் தோற்றத்துக்கு மாறி வருகின்றன. மாறிய பிறகு பழைய மானிட்டரில் அவற்றைப் படிப்பது கடினமாகிவிட்டது என்பது என் குற்றச்சாட்டு. எழுத்து மெலிந்துவிட்டது. கறுப்பாக இருந்தது சாம்பலாகிவிட்டது. மேலே தளத்தின் பெயர்ப் பட்டை நகராமல் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

நான் நடத்தும் கணினி மையத்தில் இருப்பவை 15 அங்குலச் சதுர மானிட்டர்களும் (1024×768) பழைய லேப்டாப்களும் (1366×768)தான். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள்கூட இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. இந்தத் திரைகளில் மெல்லிய எழுத்துருவைப் போட்டால் மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றுபோலத் தெரிகின்றன. மெய்யெழுத்தின் புள்ளி காணாமலே போகிறது. என் கோரிக்கை சின்னது: தளத்தை வெளியிடும் முன் இப்படி ஒரு திரையில், ஜூம் 100 சதவீதத்தில், ஒரு முழுக் கட்டுரையைப் படித்துப் பாருங்கள்.

வடிவன்:

ஐயா, நான் தளங்களுக்கு வடிவமைப்பு செய்பவன். உங்கள் சிரமம் புரிகிறது, ஆனால் கோரிக்கையை ஏற்க முடியவில்லை. நான் வேலை செய்த தமிழ்த் தளங்கள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலான வாசகர்கள் போனிலிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் திரை மிகக் கூர்மையானது, மிகப் பிரகாசமானது. அதில் சுத்த வெள்ளையில் சுத்தக் கறுப்பைப் போட்டால் கண் கூசுகிறது என்று பலர் சொல்கிறார்கள். அதனால்தான் சாம்பல். அழகுக்காக மட்டும் செய்யவில்லை.

அப்புறம், வாசகர் கையிலும் வசதி இருக்கிறது. கன்ட்ரோலையும் பிளஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து பெரிதாகிறது. ஃபயர்ஃபாக்ஸில் கட்டுரையை மட்டும் தனியே காட்டும் ரீடர் மோட் இருக்கிறது. விண்டோஸ் 7 முதல், திரையில் எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப்பைச் சரிசெய்யும் கருவி கூடவே வருகிறது. பதினைந்து வருடப் பழைய மானிட்டருக்காக எல்லாருடைய பக்கத்தையும் மாற்றுவது நியாயமா?

முகப்புநிரலி:

இரண்டு பேரும் இரண்டு வேறு பிரச்சினைகளைக் கலந்து பேசுகிறீர்கள். திரை பழையது என்பது ஒன்று, பிரவுசர் பழையது என்பது இன்னொன்று. முதலில் திரையைப் பார்ப்போம்.

15 அங்குலத்தில் 1024×768 என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 85 பிக்சல். 14 அங்குல லேப்டாப்பில் 1366×768 என்றால் சுமார் 112. டிசைனர்கள் வேலை செய்யும் ஆப்பிள் மேக்புக்கின் ரெட்டினா திரையில் 220-க்கு மேல் வரும். 16 பிக்சல் அளவில், 300 எடை (கோட்டின் தடிமனைக் குறிக்கும் எண்; 400 சாதாரணம்) கொண்ட மெல்லிய எழுத்துருவில், ஒரு கோட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரு பிக்சல்தான். ரெட்டினா திரையில் அந்த ஒரு பிக்சலுக்குள் உண்மையில் இரண்டு பிக்சல் அகலம் இருப்பதால் கோடு நிறம் மாறாமல் விழுகிறது. பழைய திரையில் அந்தக் கோடு இரண்டு பிக்சல்களுக்கு நடுவே விழுந்தால், நிறம் இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். நீங்கள் கொடுத்த சாம்பல் இன்னும் வெளிறிய சாம்பலாகத்தான் கண்ணுக்கு வந்து சேரும். ஆங்கில ‘எல்’லுக்கு ஒரே கோடு, தப்பித்துக்கொள்ளும். ‘ண’வில் அதே அகலத்துக்குள் எத்தனை வளைவு என்று எண்ணிப் பாருங்கள். தட்டச்சுமையம் ஐயா சொல்வது கண் குறைபாடு அல்ல, திரையில் நிஜமாகவே நடப்பது.

வடிவன்:

அதற்குத்தான் அளவுகோல் இருக்கிறதே, தோழி. 2008-இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற இணைய அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வேறுபாடு) போதும் என்கிறது. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் அதைத் தாண்டிவிடுகிறது. நான் அதற்கு மேல் வெளிற விடுவதில்லை. அளவுகோலில் தேறிய பக்கத்தைப் படிக்க முடியவில்லை என்றால் தவறு மானிட்டரில் இருக்கிறது.

முகப்புநிரலி:

அந்தக் கணக்கு நீங்கள் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நிரலில்) எழுதிய நிறத்தை வைத்துச் செய்வது, திரையில் விழுந்த நிறத்தை வைத்து அல்ல. 4.54:1 என்று தேறிய எழுத்து, பழைய திரையில் மெல்லிய கோடாகப் பிரிந்து விழும்போது 3-க்கும் கீழே போய்விடும். எல்லையை ஒட்டி நிற்பதில் அர்த்தமில்லை. கண் கூசும் பிரச்சினைக்கு #333 என்ற அடர் சாம்பல் போதும். அது 12.6:1. கறுப்பின் கடுமையும் இருக்காது, பழைய திரையிலும் தாங்கும். எடை 400-க்குக் கீழே போக வேண்டாம். இது ஒருவருடைய பக்கத்தையும் கெடுக்காது.

அச்சுக்கோப்பு:

நான் வார இதழ்களுக்குப் பக்கம் அமைத்தவன். நிறத்தைவிட எனக்கு வரி இடைவெளிதான் உறுத்துகிறது. தமிழில் ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘பூ’வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்பிளேட்டை வாங்கி வரி உயரத்தை எழுத்தளவின் 1.4 மடங்கு என்று விட்டுவிடுகிறார்கள். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் உரசிக்கொள்கின்றன. குறைந்த பிக்சலில் இரண்டும் ஒட்டியே விடும். குறைந்தது 1.7 வேண்டும்.

வரி நீளமும் அப்படித்தான். சதுர மானிட்டரில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடும் வரியைப் படித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நம் சொற்கள் நீளமானவை, வரிக்கு எட்டிலிருந்து பத்துச் சொல் போதும்.

தட்டச்சுமையம்:

வடிவன் தம்பிக்கு ஜூம் பற்றிச் சொல்ல வேண்டும். 1366×768 திரையில் டாஸ்க்பாரும் பிரவுசரின் மேல்பகுதியும் போகப் பக்கத்துக்கு மிஞ்சுவது சுமார் 640 பிக்சல் உயரம். 150 சதவீதம் ஜூம் செய்தால் பக்கத்தின் கணக்கில் அது 426 ஆகிவிடும். நகராத தலைப்புப் பட்டை 120, அடியில் நகராத விளம்பரப் பட்டை 90 என்று வையுங்கள். மீதி 216. அச்சுக்கோப்பு ஐயா சொல்லும் வரி இடைவெளியில் எட்டு வரிகூட முழுதாகத் தெரியாது. எழுத்து பெரிதாகிறது, படிக்க இடம் இல்லை. இதை எப்படி வசதி என்பது?

கிளியர்டைப்பை என் மையத்தில் எல்லாக் கணினியிலும் சரிசெய்து வைத்திருக்கிறேன். பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நூலகத்தில் அரை மணி நேரம் கணினி கிடைக்கும் பிள்ளை அந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருக்குமா?

இன்னொன்று. பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் டிஎன் பேனல் என்ற மலிவான திரை வகை. சற்று மேலிருந்து பார்த்தாலே வெளிறிவிடும். விண்ணப்பப் படிவங்களில் கட்டத்தின் ஓரக்கோட்டை #E5E5E5 என்ற வெளிர் சாம்பலாக வைக்கிறார்கள். வெள்ளைக்கும் அதற்கும் 1.3:1 கான்ட்ராஸ்ட்கூட இல்லை. பெயரை எங்கே தட்டுவது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள், கட்டம் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

வடிவன்:

படிவக் கட்டம் பற்றிச் சொன்னது சரி. 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 பதிப்பு அதற்கும் 3:1 கேட்கிறது, அதை மீறும் தளங்களுக்காக நான் வாதாட மாட்டேன். #333, எடை 400, வரி உயரம் 1.7 இவற்றிலும் எனக்குத் தடையில்லை.

ஆனால் பழைய பிரவுசர் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். விண்டோஸ் 7-க்குக் குரோமின் கடைசிப் பதிப்பு 109, 2023 ஜனவரியில் வந்தது. பாதுகாப்புத் திருத்தங்களும் அந்த ஆண்டே நின்றன. அதில் ஒருவர் தன் ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் தட்டுவதை நாமே வசதி செய்து ஊக்குவிக்கக் கூடாது. பக்கம் உடைந்தால்தான் கணினியை மாற்ற வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உறைக்கும்.

முகப்புநிரலி:

பணம் கட்டும் பக்கத்துக்கு உங்கள் வாதம் செல்லும். அறிவிப்பைப் படிக்கும் பக்கத்துக்குச் செல்லாது. குரோம் 109-க்கு ஓகேஎல்சிஎச் என்ற புது முறையில் எழுதிய நிறங்கள் தெரியாது, அவை 111-இல்தான் வந்தன. சிஎஸ்எஸ் விதிக்குள் விதி எழுதும் நெஸ்டிங் 112-இல் வந்தது. டெயில்விண்ட் 4 என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பை அப்படியே எடுத்துப் போட்டால் அது குரோம் 111-ஐயாவது எதிர்பார்க்கும். விளைவு, நிறம் இல்லாத பொத்தான், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பத்தி. இதைத் தடுக்க, புது நிறத்துக்கு முந்தைய வரியில் பழைய முறையில் அதே நிறத்தை எழுதினால் போதும். தெரியாத வரியைப் பிரவுசர் தானே தாண்டிவிடும். நெஸ்டிங்கை வெளியிடும் முன் விரித்துக் கொடுக்கக் கருவிகள் இருக்கின்றன. பக்கம் உடைந்தால் உறைக்கப்போவது கணினி வாங்கும் அதிகாரிக்கு அல்ல, அதன் முன் உட்கார்ந்திருக்கும் மாணவிக்குத்தான்.

ஐயா, உங்கள் கணினிகளில் விண்டோஸுக்குப் பதில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்க்க முடியுமா? புது பிரவுசர் கிடைக்கும், வடிவனின் பாதுகாப்புக் கவலையும் தீரும்.

தட்டச்சுமையம்:

நான்கு கணினியில் போட்டிருக்கிறேன், அம்மா. நன்றாகவே ஓடுகிறது. பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்காக மற்றவற்றில் விண்டோஸ் தேவைப்படுகிறது. ஆனால் லினக்ஸ் போட்டாலும் திரை அதேதான். நகராத பட்டைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

முகப்புநிரலி:

அதற்கு ஒரே ஒரு நிபந்தனை போதும். பிரவுசரில் பக்கம் தெரியும் பகுதியின் உயரம் 700 பிக்சலுக்கு மேல் இருந்தால் மட்டும் பட்டை ஒட்டி நிற்கட்டும், இல்லையென்றால் பக்கத்தோடு சேர்ந்து மேலே போகட்டும். ஜூம் செய்தால் பக்கத்தின் கணக்கில் உயரம் குறைவதால் இந்த நிபந்தனை அப்போதும் தானாக வேலை செய்யும்.

வடிவன்:

தலைப்புப் பட்டைக்கு இதை நான் செய்கிற தளங்களில் இந்த வாரமே போட்டுவிடுகிறேன். அடியில் நிற்கும் விளம்பரப் பட்டை என் கையில் இல்லை, அது வருமானம் பார்ப்பவர்களின் முடிவு. குரோம் 109 பற்றிய என் கருத்தும் மாறவில்லை. ஆனால் விளம்பரப் பட்டை பற்றி அவர்களிடம் பேச, ஐயா சொன்ன 216 பிக்சல் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் திரையில் எடுத்த படம் இருந்தால் அதையும் இங்கே போடுங்கள்.