லாண்டோ–கிளெஃப்னர் நோய்க்கு ஒரு சொல்: ‘கேள்மொழி இழப்பு’ பொருந்துமா?

அன்பின் அனைவருக்கும்,

1957இல் லாண்டோவும் கிளெஃப்னரும் விவரித்த இந்நோய்க்குத் தமிழ்ப் பெயராகச் சென்னை நண்பர் தந்த ‘வலிப்புசார் பேச்சிழப்பு’ எனக்கு உறுத்துகிறது. நன்றாகக் கதைத்துத் திரிந்த பிள்ளைக்கு, பெரும்பாலும் 3 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில், பிறர் சொல்வது விளங்காமற் போகிறது. பேச்சு குறைவது அதற்குப் பிறகுதான். உப்புவெளிப் பக்கம் ஒரு பிள்ளை, பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் கேற்றடிக்கு ஓடும். பின்னால் நின்று தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. “காது கேக்குது, கதைதான் விளங்குதில்ல” என்றார் தாய். நோயை இதைவிடச் சரியாக யார் சொல்வது?

‘வேர்ட் டெஃப்னஸ்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘சொற்செவிடு’ வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டால் சனம் காது மெஷின் தேடி அலையும்.

அடுத்தது ‘வலிப்பு’. நம் ஊரில் வலிப்பென்றால் விழுந்து கைகால் இழுப்பது. இந்நோயில் கணிசமான பிள்ளைகளுக்கு அது வருவதே இல்லை. வந்தாலும் பெரும்பாலும் மருந்துக்கு அடங்கிவிடும். மொழியைக் குலைப்பது தூக்கத்தில் மூளையில் ஓயாமல் எழும் மின்வீச்சு. அதனால்தான் மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.ஈ.ஜி.யைத் தூங்கும்போதும் எடுக்கவேண்டும். வல்புரோயேற், குளோபசாம், ஸ்ரெரொயிட் ஆகிய மருந்துகள் எல்லாம் அந்த மின்வீச்சை அடக்கத்தான். மற்ற வலிப்புகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கார்பமசெபீன் மருந்து இங்கே மின்வீச்சைக் கூட்டிவிடவும் கூடும். பெயரில் வலிப்பு இருந்தால், வலிப்பு நின்றதும் ‘சுகமாகிவிட்டது’ என்று கிளினிக்கை விட்டுவிடுவார்கள். பதின்ம வயதில் வலிப்பு பெரும்பாலும் தானாக நிற்கும். மொழி எல்லாருக்கும் முழுதாகத் திரும்பாது. பேச்சுச் சிகிச்சையும் பாடசாலையில் சைகை, பட அட்டை உதவியும் தொடர வேண்டியவை.

ஆகவே, கேட்டு விளங்கும் மொழியை இழப்பது என்ற பொருளில், சுருக்கமாக ‘கேள்மொழி இழப்பு’. வைத்தியர்களுக்கு முழுப்பெயராக ‘உறக்க மின்வீச்சுக் கேள்மொழி இழப்பு’. கொஞ்சம் நீளம்தான்.

திருகோணமலையிலிருந்து

---

அண்ணை,

‘கேள்மொழி’ நல்ல சொல், எடுத்துக்கொள்வோம். ஆனால் ‘வலிப்பு’ இல்லாவிட்டால், விழாத பிள்ளைக்கு ஏன் வலிப்பு மருந்து என்று பெற்றோர் குளிசையை நிறுத்திவிடுவார்கள். மருந்துப் பெட்டியில் இருப்பது பெயரிலும் இருக்கட்டும். ‘வலிப்புசார் கேள்மொழி இழப்பு’ என்றால் நான் சரி. உறக்க மின்வீச்சை விளக்கத்தின் முதல் வரியில் போடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து