வரப்பில் நின்று சொல்வதும் வயலில் இறங்கிப் பார்ப்பதும்

அன்புடைய உறவுகளுக்கு வணக்கம்.

உழவர்களுக்கு உதவுவது பற்றி நாம் பேசும்போதெல்லாம் விதை, உரம், கடன், இயந்திரம் என்பவையே முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றை எந்த மண்ணில், எப்போது, எவ்வளவு இடுவது என்பதை உடனிருந்து காட்டுகிற வேளாண் விரிவாக்கப் பணி கடைசியில்தான் பேசப்படுகிறது. அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1903ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டெரெல் என்னும் ஊரில், சீமான் நாப் என்னும் வேளாண் வல்லுநர் புதிய சாகுபடி முறைகளை அரசுப் பண்ணையில் செய்து காட்டவில்லை. உழவர் ஒருவரே தம் சொந்த நிலத்தில் அவற்றைச் செய்து பார்த்தார். நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊரார் முன்கூட்டியே பணம் திரட்டி வைத்திருந்தனர். அந்த ஆண்டு அவருக்கு லாபமே கிடைத்தது. புதிய முறையை ஏற்கத் தயங்கும் உழவரை அறியாதவர் என்று சொல்லிவிடுகிறோம்; ஒரு பருவம் பொய்த்தால் குடும்பம் என்ன ஆகும் என்ற கணக்கே அவரைத் தடுக்கிறது என்பதை நாப் புரிந்துகொண்டிருந்தார்.

இந்தோனேசியாவின் அனுபவம் இன்னும் ஆழமானது. அங்கே நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்னும் பூச்சி தாக்கியபோது மருந்தை மேலும் மேலும் தெளித்தார்கள். பூச்சியைத் தின்னும் சிலந்திகள் மடிந்தன, புகையானோ பெருகியது. 1986இல் நெல்லுக்குத் தெளிக்கப்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளுக்கு அந்நாட்டு அரசு தடை விதித்தது; 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபத்தைந்து பேர் அளவிலான குழு வாரந்தோறும் வயலில் இறங்கி, நெற்தூரை விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே தண்டில் ஒட்டியிருக்கும் புகையானை எண்ணும். அதே தூரில் எத்தனை சிலந்திகள் இருக்கின்றன என்றும் எண்ணும். பிறகு பெரிய தாளில் பயிரையும் பூச்சிகளையும் வரைந்து, மருந்து தேவையா என்று அவர்களே கலந்து பேசி முடிவெடுப்பார்கள். பயிற்றுநர் விடை சொல்வதில்லை, திரும்பக் கேள்வி கேட்பார். மருந்து விற்பவரையே ஆலோசகராகவும் நம்ப வேண்டியிருக்கும் இடங்களில் இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்று நடுவதும் களை எடுப்பதும் விதையைக் காய வைத்துச் சேமிப்பதும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்க, பயிற்சிக்கான அழைப்பு மட்டும் பட்டாவில் பெயர் உள்ள ஆணுக்குப் போகிறது. விதையின் ஈரப்பதம் பற்றிய பாடத்தை அதைக் காய வைக்காதவர் கேட்டுவந்து என்ன பயன்? பெண்களுக்கு வசதியான நேரத்தில், வீட்டுக்கு அருகில் கூட்டம் நடத்துவது சிறிய மாற்றம்தான்; ஆனால் செய்தி வேலை செய்யும் கைக்கே போய்ச் சேர்கிறது.

கைப்பேசிச் செய்திகள் மழை முன்னறிவிப்புக்கும் சந்தை விலைக்கும் நன்கு உதவுகின்றன. ஆனால் இலை மஞ்சளானது தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவாலா, வேரில் தண்ணீர் தேங்கியதாலா என்பதைப் பிரித்தறிய ஒருவர் செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே, இத்தகைய பணிக்குத் துணைநிற்க விரும்புவோர், ஒரு பணியாளர் எத்தனை குடும்பங்களைப் பார்க்கிறார், பருவத்தில் எத்தனை முறை வயலுக்கு வருகிறார், அறுவடைக்குப் பிறகு விளைச்சலைக் கேட்க அவரே திரும்ப வருகிறாரா என்னும் மூன்றையும் முதலில் விசாரித்தறியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.