ஜூஸ் கடை போர்டுக்கு குண்டு எழுத்து: பலூ தம்பி ஓகேவா?

கோவை_டிசைன்:
வணக்கம் நண்பர்களே, மாமா புதுசா ஜூஸ் கடை போடறாரு, போர்டு மெனு ரெண்டையும் என்னையே செய்யச் சொல்லிட்டாரு. எழுத்து நல்லா குண்டா, ஓரமெல்லாம் உருண்டையா, பசங்களுக்குப் பார்த்ததும் புடிக்கணும். கூகுள் ஃபாண்ட்ஸ்ல பலூ தம்பி 2ன்னு ஒரு தமிழ் ஃபாண்ட் (எழுத்துரு) பார்த்தேன், ரொம்பப் புடிச்சிருச்சு. கடைக்கு ஃப்ரீயா யூஸ் பண்ணலாமா? மெனுவுக்கும் அதையே போட்டுடலாமா?

எழுத்துப்பித்தன்:
தாராளமா யூஸ் பண்ணலாம் ப்ரோ. மும்பைல ஃபாண்ட் டிசைன் பண்ற ஏக் டைப் காரங்க பண்ணது, ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ், போர்டு லோகோ பாக்கெட்னு எதுல வேணா போடலாம், ஃபாண்ட் ஃபைலை மட்டும் தனியா விக்கக்கூடாது. மலையாளத்துக்கு பலூ சேட்டன், கன்னடத்துக்கு பலூ தம்மான்னு ஒவ்வொரு லிபிக்கும் தனித்தனியா இருக்கு, எல்லாத்துலயும் இங்கிலீஷ் எழுத்தும் உள்ளயே வர்றதால ரெண்டு மொழி போர்டுல ஒரே கை எழுதின மாதிரி சேரும், எனக்கு இதுல ரொம்பப் புடிச்சதே அதான். பழைய பலூல ஒரே வெயிட்தான் (கோட்டோட தடிமன்), இந்த 2ல ரெகுலர்லேர்ந்து எக்ஸ்ட்ரா போல்டு வரை 5 இருக்கு.

மெனுவுக்கு வேணாம். கிர்ணி ஜூஸ்னு எக்ஸ்ட்ரா போல்டுல சின்ன சைஸ்ல அடிச்சுப் பாருங்க, ணி-ல இருக்கற சுழியெல்லாம் அடைஞ்சு போயிடும், அதே வார்த்தை ஒரு அடி உயரத்துல கம்பீரமா நிக்கும். ஐட்டம் பேரு, ரேட்டுக்கெல்லாம் முக்தா மலர்னு இன்னொரு ஃபாண்ட் போடுங்க, அதுவும் ஏக் டைப் காரங்க பண்ணதுதான்.

போர்டுக்காரன்:
தம்பி, ஃப்ளெக்ஸா இல்ல எழுத்து எழுத்தா வெட்டற அக்ரிலிக்கா? வெட்டறதுன்னா இந்த எழுத்து ரொம்ப நல்லது, கோடு தடிமனா இருக்கறதால உள்ள எல்இடி மாட்ட இடம் தாராளமா கிடைக்கும். ஆனா ஸ் மேல இருக்கற புள்ளி தனித் துண்டா வரும், அதுக்குத் தனியா ஒயர் இழுக்கணும், முன்னாடியே வேலை செய்யறவங்ககிட்ட சொல்லிடுங்க. ஃபைல்ல இருக்கற எழுத்தை கர்வ்ஸ் ஆக்கி, அதாவது வெறும் வடிவமா மாத்தி அனுப்புங்க, நிறைய கடைல இன்னும் பழைய கோரல் டிரா சாஃப்ட்வேர்தான், அதுல யூனிகோடு தமிழ் திறந்தா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போயிடும்.

மீனா_லேஅவுட்:
பேரு ரெண்டு வரில வந்தா லைன் ஸ்பேசிங்கை கையால குறைங்க, இதுல தானா வர்ற இடைவெளி ரொம்ப ஜாஸ்தி, ஆனா குறைக்கும்போது மேல் வரி ழ, று வாலும் கீழ் வரி புள்ளியும் இடிக்குதான்னு பாருங்க. ஜூஸ் கடை, ஐஸ்கிரீம், பசங்க புக் அட்டைக்கெல்லாம் இது அவ்ளோ அழகு. சமீபத்துல ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர்ல இதே எழுத்தைப் பார்த்தேன், இறந்தவரு பேரு சிரிச்சுட்டு நிக்குது, மனசுக்கு ரொம்பக் கஷ்டமாயிருச்சு, தயவுசெஞ்சு யாரும் அப்படிப் போடாதீங்க.

கோவை_டிசைன்:
அக்ரிலிக்தான் அண்ணா, பேரு ஒரே வரிதான். ணி அடிச்சுப் பார்த்தேன், நிஜமாவே அடைச்சுக்குது, மெனுவுக்கு முக்தா மலரே போட்டுடறேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.