புதுப்பிப்பு: பின்லாந்து வீட்டு விருந்துக்கு எடுத்துப்போன ஒயின்

தம்பெரேயில் நண்பர் வீட்டு சனிக்கிழமை விருந்துக்கு, சாப்பிட்டபின் பேசிக்கொண்டே குடிக்க எந்த ஒயின் வாங்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வெள்ளிக்கிழமையே அல்கோவுக்குப் போய்விட்டேன். ஆல்கஹால் 8 சதவீதத்தைத் தாண்டும் ஒயினுக்குப் பெரும்பாலும் இந்த அரசுக் கடைதான் கதி, ஞாயிறு திறப்பதில்லை. எந்த ஒயின் எந்த உணவோடு சேரும் என்று அங்கே குறிப்பு உண்டு. அதில் ‘செஉருஸ்தெலு’ என்றே ஒரு வகை இருக்கிறது. உட்கார்ந்து பேசிப் பழகுவது என்று பொருள். சாப்பாடு இல்லாமலே குடிக்கத் தோதான ஒயின்.

நீங்கள் சொன்னபடி மோசல் ரீஸ்லிங் கபினெட் (லேசான ஜெர்மன் வெள்ளை ஒயின்) ஒன்று, பொழோலே (பிரான்சின் லேசான ஒயின்) சிவப்பு ஒன்று எடுத்தேன். ரீஸ்லிங்தான் முதலில் காலியானது. 9 சதவீத ஆல்கஹால், லேசான இனிப்பு. காபிக்குப் பிறகு லெய்பாயூஸ்தோ என்ற பாலாடைக்கட்டியைச் சூடாக்கி, மேலே லக்கா பழ ஜாம் வைத்துக் கொடுத்தார்கள். பல்லில் கிறீச்சிடும் கட்டி, ஜாமின் புளிப்பு, அப்புறம் ஒரு வாய் ரீஸ்லிங்: அருமை! பேச்சு நின்றாலும் யாரும் பதறவில்லை. அந்த அமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பொழோலேயை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அறைச் சூட்டில் ஆல்கஹால்தான் முந்தி அடித்தது, குளிர்ந்ததும் பழவாசம் வந்துவிட்டது.

கார் ஓட்டி வந்தவருக்கு ஆல்கஹால் இல்லாத ஒயின் வாங்க மறந்துவிட்டேன். அடுத்த முறை அதைத்தான் முதலில் எடுப்பேன்.