எங்க குடும்பம் குரூப் – ஞாயிறு ராத்திரி பேச்சு

ரேவதி அத்தை: 📷 இங்க அமெரிக்காவுல நைட் ட்யூட்டி முடிஞ்சு என் கூட வேலை பாக்குற பிலிப்பைன்ஸ் அக்கா வீட்டுக்கு வந்தேன், ஊருக்கு அனுப்ப பெட்டி கட்டிட்டு இருக்காங்க. பாலிக்பயான் பாக்ஸ்னு பேரு. டப்பா கறி, சோப்பு, டவல், சாக்லேட்டுனு அடைச்சு, ஷூவுக்குள்ள கூட சாக்ஸ சுருட்டி வச்சு ஒரு விரல் இடம் விடல, மேல ஏறி உக்காந்து டேப் சுத்துறாங்க

செல்வி சித்தி: யம்மா எம்மாம் பெருசு!! காசா அனுப்பிட்டா அங்கயே வாங்கிக்க மாட்டாங்களா அண்ணி

ரேவதி அத்தை: காசும் மாசாமாசம் போகுது செல்வி. ஆனா பெட்டி வரலைன்னா வீட்ல எல்லாருக்கும் மனசு கேக்காது

கார்த்தி: அத்தை உங்க ஆஸ்பத்திரி போட்டோ எத பாத்தாலும் பாதி நர்ஸ் பிலிப்பைன்ஸா இருக்காங்களே எப்படி

ரேவதி அத்தை: அது பழைய கதைடா. 1898ல ஸ்பெயின்கிட்ட ரெண்டு கோடி டாலர் குடுத்து அந்த நாட்டையே அமெரிக்கா எடுத்துக்கிச்சு, எதுத்தவங்கள சண்டை போட்டு அடக்குனாங்க, அப்புறம் இங்லீஷ் பள்ளிக்கூடம், அமெரிக்க பாடத்துலயே நர்ஸிங் ஸ்கூல்னு ஆரம்பிச்சாங்க. 1948லருந்து பயிற்சிக்குனு நர்ஸுங்கள கூப்ட்டாங்க, 1965ல குடியேற்ற சட்டம் மாறவும் நிறைய பேர் வந்து தங்கிட்டாங்க. இங்க நர்ஸுங்கள்ல நூத்துக்கு நாலு பேர்தான் இவங்க, ஆனா கோவிட்ல செத்த நர்ஸுங்கள்ல கால்வாசிக்கு பக்கம் இவங்கதான். அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது

முருகேசன் பெரியப்பா: ரெண்டாம் உலகப்போர்லயும் அமெரிக்காவுக்காக நின்னவங்க தானம்மா

ரேவதி அத்தை: ஆமாண்ணே. இந்த அக்கா தாத்தாவே பிலிப்பைன்ஸ்ல பட்டான்ங்கற இடத்துல ஜப்பான்காரனோட சண்டை போட்டவரு. 1941 ஜூலைல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டு அவங்க படைய அமெரிக்கப் படையோட சேத்துக்கிட்டாரு, ரெண்டரை லட்சம் பேருக்கு மேல போனாங்க. 1942 ஏப்ரல்ல பிடிபட்டு ஜப்பான்காரன் சோறு தண்ணி இல்லாம நடக்க விட்டான்ல, அதுல தாத்தாவும் நடந்து பொழச்சவரு. 1946 பிப்ரவரில என்ன பண்ணாங்க தெரியுமா, அவங்க செஞ்சது அமெரிக்க ராணுவ சேவைக் கணக்குலயே வராதுனு சட்டம் போட்டு சலுகைல முக்காவாசிய வெட்டி விட்டுட்டாங்க

கார்த்தி: ரத்தம் சிந்துன பிறகா?? அநியாயம் அத்தை

ரேவதி அத்தை: 1990ல தான் குடியுரிமைக்கே வழி விட்டாங்க, தாத்தா கெழட்டு வயசுல இங்க வந்து சேந்தாரு. 2009ல ஒரே தடவையா 15,000 டாலர்னு குடுத்தாங்க, குடியுரிமை இல்லாதவங்களுக்கு 9,000. அதுக்குள்ள தாத்தா போய்ட்டாரு. 2017ல எல்லாருக்கும் சேத்து ஒரு தங்கப் பதக்கம். அதோட வெண்கல நகல் ஹால்ல தாத்தா போட்டோவுக்கு கீழ இருக்கு, பாட்டி தெனம் தொடைச்சு வச்சிட்டு இருந்தாங்களாம்

முருகேசன் பெரியப்பா: 1991ல 12க்கு 11 ஓட்டுல அமெரிக்க ராணுவ தளம் வேணாம்னு பிலிப்பைன்ஸ் செனட்டே சொல்லுச்சு, இப்ப சீனாக்காரன் கடல்ல தொல்லை குடுக்கவும் அமெரிக்காவுக்கு 9 இடம் திறந்து விட்ருக்காங்க. தளத்துக்கு காட்டுற அவசரத்த அந்த சிப்பாய்ங்க குடும்பத்துக்கும் காட்டணும்

செல்வி சித்தி: அந்த அக்கா கூடப்பொறந்தவங்க எல்லாம் அங்கயா அண்ணி

ரேவதி அத்தை: தம்பி மணிலாவுல. கூடப்பொறந்தவங்கள அமெரிக்காவுக்கு கூட்டிட்டு வர மனு போட்டா பிலிப்பைன்ஸ்காரங்களுக்கு 20 வருஷத்துக்கு மேல ஆகும் செல்வி. மனு போட்டப்ப கைக்குழந்தையா இருந்த தம்பி மகன் காலேஜே முடிச்சிட்டான். 21 வயசு தாண்டிட்டதால அப்பா கூட வர முடியுமானு இப்ப வக்கீல்கிட்ட கேட்டுட்டு இருக்காங்க